வட்டியைக் கேட்கிறோம், அட்வான்ஸைக் கேட்பதில்லை

வீட்டுக் கடன் வாங்கலாமா? ஓசூரில் மார்க்கம் தெரிந்த ஒருவர் கையில் கிடைத்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் எல்லோருக்கும் தெரியும். வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், கணக்கு எழுதுபவர், சாட்சி நிற்பவர் நால்வரும் பாவத்தில் சமம் என்பது நபிமொழி. தெரிந்தும் கேட்கிறார்கள். இந்த ஹஜ்ரத்தாவது ஒரு சந்து காட்டமாட்டாரா என்ற ஆசை. காட்டாவிட்டால் கொஞ்ச நாள் மனம் உளைந்துவிட்டு, பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள்.

அவர்களை நான் பழிக்கப் போவதில்லை. என் மகனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் வேலை, சந்தாபுராவில் வாடகை வீடு. அங்கேயே ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறான். விலை 60 லட்சம், கையில் இருப்பது 12 லட்சம். எனக்கு பாகலூர் சாலைப் பக்கம் கீழும் மேலுமாக ஒரு வீடு இருக்கிறது. எண்பதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு ஓசூர் வந்த என் கணவர் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலியோடு நான் மட்டும் கீழே இருக்கிறேன். “அம்மா, நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள். இந்த வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா, இதை வைத்துக் கடன் வாங்குவதா என்று நீங்களே சொல்லுங்கள்” என்கிறான். அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மார்க்கக் கேள்வியையும் கணக்கு நோட்டில் எழுதிப் பார்ப்பதுதான் எனக்கு வரும்.

இந்தக் கேள்வி இங்கே இவ்வளவு சூடாக இருப்பதற்கு ஊரும் ஒரு காரணம். 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் வந்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து பிரிந்து 2004-இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. கைபேசி பாகங்கள் செய்யும் டாடா ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கமும், மின் ஸ்கூட்டர் செய்யும் ஓலா ஆலை போச்சம்பள்ளிப் பக்கமும் எழுந்தன. 2024 ஜூனில், 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வந்த வாரமே தரகர்கள் மனையின் விலையை மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே சொந்த வீடு இல்லாதவருக்கு ஓட்டப் பந்தயத்தில் பின்தங்குகிற பயம், இருப்பவருக்கு எப்போது விற்பது என்கிற தவிப்பு.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதல் வழி, வங்கிக் கடன். உதாரணத்துக்கு 30 லட்சம், எட்டரை சதவீதம், 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். 20 ஆண்டில் கட்டும் மொத்தம் 62 லட்சத்துக்கும் மேல். அசலைவிட வட்டி அதிகம். ஒரே வசூலில் வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்று பழைய இந்து தர்ம சாஸ்திரத்திலும் ஒரு விதி உண்டு, தம்துபத் என்பார்கள். வட்டியின் மேல் கூச்சம் எங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. யூதருக்கும் பழைய கிறித்தவருக்கும் அது இருந்தது.

மாறும் வட்டி இன்னொரு சங்கடம். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்களில் மாறும் வட்டியை, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டச் சொன்னது ரிசர்வ் வங்கி. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிக்கொண்டவர்கள், ஓய்வு பெற்ற பிறகும் கட்ட வேண்டிய கடனைப் பார்த்துத் திகைத்தார்கள். இதில் ஒரு நல்லதும் உண்டு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கக்கூடாது. கடன் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தவருக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வகையை எடுங்கள், கையில் காசு வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள், சீக்கிரம் வெளியே வாருங்கள்.

ஆனால் மார்க்கத்தின் கேள்வி தொகையின் பெரிதும் சிறிதும் பற்றியதல்ல. அரை சதவீத வட்டியும் அதற்கு வட்டியே. ஏன் என்று படித்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவு தந்தது ஒரு வழக்கு. ஒருவர் அடிமை ஒருவரை விலைக்கு வாங்கி, சில நாள் வேலை வாங்கினார். பிறகு குறை தெரிந்து விற்றவரிடமே திருப்பினார். அந்தச் சில நாள் வருமானத்தையும் கொடு என்று விற்றவர் கேட்டார். வருமானம் வாங்கியவருக்கே என்று நபிகள் நாயகம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஏதும் நேர்ந்திருந்தால் நட்டம் வாங்கியவர் தலையில்தானே விழுந்திருக்கும், அதனால் ஆதாயமும் அவருக்கே. அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இது இருக்கிறது. சட்ட நூலார் இதிலிருந்து ஒரு பொது விதி எடுத்தார்கள்: நட்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே ஆதாயத்தில் உரிமை.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் வாடகைக்கும் வட்டிக்கும் உள்ள தூரம் தெரிகிறது. பணத்தைப் பயன்படுத்தக் கொடுத்து வாங்கினால் பாவம், வீட்டைப் பயன்படுத்தக் கொடுத்து வாங்கினால் ஹலாலா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாடகை வாங்குபவர் வீட்டோடு கட்டுண்டவர். மாடி ஒழுகினாலும் ஆழ்துளைக் கிணறு வற்றினாலும் அவர் பாடு. வீடு இடிந்தால் வாடகை நின்றுவிடும். வட்டி வாங்குபவருக்கு வீட்டின் கதி பொருட்டல்ல. விலை பாதியானாலும் வேலை போனாலும் தவணை அதே தவணை. வங்கிக்கும் நட்டம் உண்டு, கட்டாமல் ஓடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்குத்தான் பத்திரம் அவர்களிடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற அவர்களால் முடிகிறது. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது என்கிறது. தவணை அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் வழி, ‘ஹலால்’ திட்டங்கள். வங்கியும் வாங்குபவரும் கூட்டாக வீடு வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கட்டிக்கொண்டே அந்தப் பங்கைச் சிறுகச் சிறுக வாங்குவது உலகின் பல நாடுகளில் நடக்கிறது. இந்தியாவில் வங்கிகளில் அதற்கு வழியில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாக 2017-இல் தகவல் அறியும் உரிமை மனுவுக்கு ரிசர்வ் வங்கி பதில் சொன்னது. அந்த வெற்றிடத்தில் யார் நுழைவார்கள் என்பதைப் பெங்களூர் பார்த்தது. வட்டி இல்லை, லாபப் பங்கு என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் தலைவர் 2019 ஜூனில் நாட்டைவிட்டே போனார். பல்லாயிரம் பேர் சிவாஜிநகரில் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள். தாடியையும் தொப்பியையும் ‘ஹலால்’ என்ற முத்திரையையும் நம்பிய மக்கள், லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது, நட்டம் வந்தால் யார் ஏற்பது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

மூன்றாவது வழியை என் மகனுக்குத் தரகர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டை லீசுக்கு விடுவது. தமிழில் போக்கியம் என்றும் ஒத்தி என்றும் சொல்வோம். பெங்களூரிலும் அதை ஒட்டிய எங்கள் ஊரிலும் இது சர்வ சாதாரணம். ஒருவர் பத்து லட்சம் தருவார், மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருப்பார், போகும்போது அதே பத்து லட்சத்தை வாங்கிக்கொள்வார். வட்டி என்ற சொல்லே வராது. கொடுத்தவருக்கு அசல் பத்திரமாக இருக்கும், வாங்கியவருக்குக் கைநிறையப் பணம். தொழுகையாளிகள் பலர் இதை நிம்மதியாகச் செய்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். என் மாடிப் பகுதியின் வாடகை மாதம் 9,000. ஆண்டுக்கு 1,08,000. பத்து லட்சம் வாங்கியதற்காக நான் விட்டுக்கொடுப்பது அதுதான். ஆண்டுக்கு 10.8 சதவீதம்! வங்கியின் எட்டரைக்குப் பயந்து ஓடி வந்தவர் இங்கே பத்தே முக்கால் கொடுக்கிறார். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இதை மறைக்காமல் சொல்கிறது. 58-ஆம் பிரிவில், அடமானம் பிடித்தவர் சொத்தை அனுபவித்து, அதன் வருவாயை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வதும் ஒரு வகை அடமானம். ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்களும் ஏமாறவில்லை. கடன் கொடுத்தவருக்கு அந்தக் கடனால் கிடைக்கும் ஆதாயம் ரிபா, அதாவது வட்டி, என்பது மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்ட மரபுகளும் அறிந்த விதி. மக்களின் நெருக்கடியைப் பார்த்து, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்பது என்ற ஏற்பாட்டை மத்திய ஆசியாவின் ஹனபி மத்ஹப் அறிஞர்கள் சிலர் ஏற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பும் அதற்கு இடம் கொடுத்தது. ஏற்காதவர்களும் அன்றே இருந்தார்கள், பெயர் விற்பனை, உள்ளே அடமானம் என்றார்கள். நான் அந்தப் பக்கம்.

நான்காவது வழி, வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது. இதில் சிக்கல் ஏதும் இல்லை, வாடகை ஹலால் என்று எல்லோரும் கடந்து போகிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

வாடகை ஹலால் ஆவதற்குக் காரணம் வீட்டுக்காரர் நட்டத்தைச் சுமக்கிறார் என்பது. எங்கள் ஊரில் சுமக்கிறோமா? பெங்களூரின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. ஆலை வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண் பிள்ளைகள், முதல் சம்பளம் வாங்குமுன்பே ஊரில் கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டுகிறார்கள். அந்தக் கடனுக்கு வட்டி அவர்கள் கட்டுவது. பணம் இருப்பது வீட்டுக்காரர் கையில். அவர் அதை வைத்து மாடி கட்டுகிறார், வியாபாரம் செய்கிறார். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்கிறார், அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று இன்னொரு மாதம். மீதிக்கு ‘அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்’. குழாய் உடைந்தால் குடியிருப்பவர் செலவு. மோட்டார் எரிந்தால் எல்லோருக்கும் பங்கு.

இந்தப் பணம் என்ன? அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள், என்றால் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கடன் என்றால், வீட்டுக்காரர்தான் இங்கே கடனாளி. அட்வான்ஸ் அதிகம் கொடுத்தால் வாடகையைக் குறைப்பேன் என்று அவர் சொல்லும் நொடியில் கடனும் ஆதாயமும் கலந்துவிடுகின்றன. போக்கியத்தின் சின்னத் தம்பிதான் அது. கடன் வைத்து இறந்தவர் ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை, அபூ கதாதா என்ற தோழர் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்கும்வரை நடத்த மறுத்தார்கள் நபிகள் நாயகம். மௌத்தாகும்போது மூன்று குடித்தனக்காரர்களின் அட்வான்ஸ் பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்! வங்கி வட்டியைப் பற்றி மூன்று ஹஜ்ரத்துகளிடம் கேட்டவர், இதைப் பற்றி ஒருவரிடமும் கேட்டதை நான் கண்டதில்லை.

நாட்டுச் சட்டம் நம்மைவிடக் கூச்சத்தோடு இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதி வையுங்கள் என்பதைத்தான் சொல்கிறது. என் மாடியில் இருக்கும் பிள்ளைகளிடம் மூன்று மாதத்துக்கு மேல் நான் வாங்குவதில்லை. அந்தப் பணம் தனிக் கணக்கில் கிடக்கிறது. நான் சந்தாபுரா போய்விட்டால் இந்த ஒழுங்கு நிலைக்குமா? எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒழுகும் மாடியைப் பார்க்க முடியாது. தரகரிடம் விட்டால் சுமை அவருடையதும் ஆகாது, என்னுடையதும் ஆகாது, குடியிருப்பவருடையதாகிவிடும். சுமக்க முடியாத வீட்டிலிருந்து வாடகை மட்டும் வாங்குவது எனக்கு வட்டியைப் போலவே தெரிகிறது. அதனால்தான் விற்பது என்று முடிவெடுத்தேன்.

விற்பதற்கும் ஒழுங்கு உண்டு. வீட்டை விற்பவர் முதலில் பக்கத்து வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஹனபி சட்டத்தில் வலுவான உரிமை. ஷுஃப்ஆ என்று பெயர். வட இந்தியாவில் நீதிமன்றங்கள் வரை போன இந்த உரிமையை மதராஸ் உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டமாக ஏற்க மறுத்தது. சட்டம் மறுத்ததால் பண்பு மறைந்துவிடாது. என் பக்கத்து வீட்டார் கன்னடம் பேசும் கவுடா குடும்பம். முதலில் அவர்களிடம்தான் சொன்னேன். கோடையில் ஆழ்துளைக் கிணறு இறங்கிவிடுவதையும், மேற்குச் சுவரில் ஈரம் ஏறுவதையும் சேர்த்தே சொன்னேன். குறையை மறைத்து விற்றால் பரக்கத், அதாவது அருள்வளம், போய்விடும். விமான நிலையத்தைக் காட்டி விலை ஏற்றவில்லை. வருமா, எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படி விலை வாங்குவது? 48 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். மாடிப் பிள்ளைகள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருப்பார்கள் என்பதையும், அவர்களுடைய முன்பணம் கை மாறுவதையும் எழுதிக்கொண்டோம்.

வீட்டை விற்ற பணத்தை இன்னொரு வீட்டில் போடாதவருக்கு அதில் பரக்கத் இல்லை என்ற கருத்தில் இப்னு மாஜா தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. வருமான வரிச் சட்டமும் அதே ஆலோசனையைச் சொல்வது எனக்கு வேடிக்கை. விற்ற இரண்டு ஆண்டுக்குள் ஆதாயத்தை இன்னொரு குடியிருப்பில் போட்டால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆகவே என் 48, மகனின் 12, இரண்டும் சேர்ந்து சந்தாபுரா வீடு. வங்கி வேண்டாம்.

இதில் கடைசியாக ஒரு முடிச்சு. 48 லட்சத்தை மகனுக்குச் சும்மா கொடுத்தால் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நபிகளைச் சாட்சியாக்க வந்த தகப்பனை, அநியாயத்துக்குச் சாட்சி நிற்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் பத்திரத்தில் ஐந்தில் நான்கு பங்கு என் பெயரில், ஒரு பங்கு அவன் பெயரில். அவன் குடும்பம் பயன்படுத்தும் அளவுக்கு என் பங்குக்கு வாடகை தருவான். முடிந்தபோது என் பங்கில் கொஞ்சம், அன்றைய விலைக்கு, வாங்கிக்கொள்வான். விலை விழுந்தால் எனக்கும் நட்டம். நான் மௌத்தானால் மீதிப் பங்கு மார்க்கப்படி இருவருக்கும் பிரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்திரச் செலவு உண்டு, அது மட்டும்தான் வலி. வங்கிகள் கொடுக்க முடியாத கூட்டு உரிமையை ஒரு தாயும் மகனும் பத்திரத்தில் எழுதிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை.

விற்க வீடு வைத்திருக்கும் தாய் எல்லோருக்கும் வாய்க்காது. ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியில்லாதபோது குடியிருக்க ஒரே ஒரு வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்று ஐரோப்பிய ஃபத்வா மன்றம் 1999-இல் சொன்னது; ஏற்காத அறிஞர்கள் ஏராளம். நிர்ப்பந்தம் எது, ஆசை எது என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை.

நான் சொல்ல வந்தது வீடு வைத்திருப்பவர்களுக்கு. வங்கியின் பாவத்தை எண்ணிக்கொண்டிருக்கும் கைகளில் அடுத்தவர் பணம் இருக்கிறது. முன்பணத்தை மூன்று மாதத்துக்குள் நிறுத்துங்கள், ரசீது கொடுங்கள், ஒழுகும் மாடியை உங்கள் செலவில் சரிசெய்யுங்கள். காலி செய்யும் பிள்ளை ஊருக்கு பஸ் ஏறுமுன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஹஜ்ரத்திடம் வட்டியைப் பற்றிக் கேட்போம்.